பொன்டூன் படகுக்கு எந்தப் புரொப்பெல்லர்? முதலில் மீட்டரைப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஆறு நண்பர்கள் காசு போட்டு, பழைய பொன்டூன் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். 24 அடி நீளம், கீழே மிதக்க இரண்டு அலுமினியக் குழாய், மேலே தட்டையான மேடை, பின்னால் 60 குதிரைச்சக்தி நான்கு ஸ்ட்ரோக் யமஹா. நீண்ட விடுமுறை வந்தால் டிரெய்லரில் ஏற்றிக் கோலகங்சார், லெங்கோங், கிரிக் வழியாகப் பண்டிங்குக்குப் போய், தெமெங்கோர் ஏரியில் இறக்குகிறார்கள். இரண்டு பேர் போனால் படகு சுமாராக ஓடுகிறது, இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் மீட்டர் 4900 காட்டுகிறது. பெண்டு பிள்ளைகளோடு பத்துப் பேர் ஏறி, ஐஸ் பெட்டியும் கேஸ் அடுப்பும் ஏறிவிட்டால், லீவரைக் கடைசி வரை தள்ளினாலும் 4400-க்கு மேல் போக மாட்டேன் என்கிறது. போனில் பார்த்தால் வேகம் மணிக்கு 27 கி.மீ. புரொப்பெல்லரில் 11¼ × 14-ஜி என்று வெட்டியிருக்கிறதாம். ஒரு கடைக்காரர் ‘நான்கு இறக்கை ஸ்டெயின்லெஸ், 15 பிட்ச், பறக்கும்’ என்றாராம். மாமா ஒருவர் ‘இஞ்சினே போதாது, 90 வாங்கு’ என்கிறாராம். தம்பிக்குக் குழப்பம்.

தம்பி, 15 பிட்ச் வேண்டாம். நீங்கள் போக வேண்டியது அதற்கு எதிர்த்திசை. 11-க்கு இறங்குங்கள், ஒருவேளை 10-க்கே இறங்க வேண்டி வரும். மூன்று இறக்கை அலுமினியமே உங்கள் ஏரிக்குப் போதும். 90 இஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இருக்கிற 60-ஐ முழுதாக வேலை செய்ய விட்டுப் பாருங்கள். இப்போது அது 60 இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவன் நான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அந்த எண்களில் ஆரம்பிப்போம். 11¼ என்பது விட்டம், இறக்கை நுனிகள் சுற்றும் வட்டத்தின் அகலம், அங்குலத்தில். 14 என்பது பிட்ச். மரத்தில் திருகாணி ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்குத் திருகாணி இவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று ஒரு கணக்கு உண்டு அல்லவா, அதேதான். தண்ணீர் மரம்போல் கெட்டியாக இருந்தால் உங்கள் புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு 14 அங்குலம் முன்னேறும். கடைசியில் இருக்கும் ஜி என்ற எழுத்து, யமஹாவில் எந்த அளவு கியர் பெட்டிக்கு அது பொருந்தும் என்பதைச் சொல்வது. வாங்கும்போது அந்த எழுத்து மாறினால் தண்டில் ஏறாது. மற்ற நிறுவனங்கள் வேறு மாதிரி குறிப்பார்கள்.

இந்த இரண்டு எண்களில் உங்கள் தொல்லைக்குக் காரணம் பிட்ச். நம் ஆட்களிடம் அதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி டிராக்டர்தான். செம்பனைக் குலைகளை டிரெய்லர் நிறைய ஏற்றிக்கொண்டு தோட்டத்து மேட்டில் ஏறுகிறீர்கள். கியரை மேலே போட்டுவிட்டு எண்ணெயை எவ்வளவு மிதித்தாலும் டிராக்டர் திணறும், புகை தள்ளும், நடுங்கும். கியரை இறக்கினால் அதே டிராக்டர் முனகாமல் ஏறிவிடும். படகில் முன்னோக்கிப் போக ஒரே ஒரு கியர்தான், அதை ஓட்டும்போது மாற்ற முடியாது. புரொப்பெல்லரின் பிட்ச்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் கியர். 14 பிட்ச் என்பது லேசான மீன்பிடிப் படகை வேகமாக ஓட்டுவதற்கான மேல் கியர். அதைக் கொண்டுவந்து, பத்துப் பேர் உட்கார்ந்து சமைத்துச் சாப்பிடும் மிதக்கும் மேடைக்கு மாட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் அதற்கும் மேல் ஒரு கியர் போடச் சொல்கிறார்.

‘பெரிய பிட்ச், பெரிய வேகம்’ என்பது முற்றிலும் பொய்யில்லை. இஞ்சின் அதைச் சுழற்றிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சுழற்ற முடியாவிட்டால் வேகமும் போய் இஞ்சினும் போகும்.

இஞ்சின் போவது எப்படி என்று சொல்கிறேன். படகின் பின்னால் மாட்டும் ஒவ்வோர் அவுட்போர்டு இஞ்சினுக்கும் முழு லீவரில் இத்தனை ஆர்பிஎம்மிலிருந்து (நிமிடத்துக்கு இத்தனை சுற்றிலிருந்து) இத்தனைக்குள் ஓட வேண்டும் என்று தயாரிப்பாளர் கையேட்டில் எழுதியிருப்பார். உங்கள் யமஹா 60-க்கு அது 5000 முதல் 6000 வரை. ‘60 குதிரைச்சக்தி’ என்று மூடியில் ஒட்டியிருப்பது அந்த எல்லைக்குள் ஓடும்போது கிடைக்கிற சக்தி. முறுக்குவிசை மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 5500-இல் 60 தருவது 4400-இல் 48-தான் தரும். 60-க்குக் காசு கொடுத்து 48-ஐ ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதுகூடப் பரவாயில்லை. லீவர் முழுக்கத் திறந்திருக்கிறது, ஆனால் இஞ்சினால் சுற்ற முடியவில்லை என்றால், சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறிக்கொண்டே போகும். கரி படியும், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் நாக்கிங் வரும், நாளடைவில் பிஸ்டனைத் தின்னும். வெளியே சத்தம் அமைதியாக இருப்பதால் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அதிக ஆர்பிஎம் போனால் சத்தம் காட்டிக்கொடுக்கும், சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் வேறு வெட்டிவிடும். குறைந்த ஆர்பிஎம்மில் திணற விடுவதற்கு எந்தக் காவலும் இல்லை.

ஆனால் நாளைக்கே கடைக்கு ஓடிவிடாதீர்கள். ஆர்பிஎம் குறைவதற்கு எப்போதும் புரொப்பெல்லர் மட்டுமே காரணமாக இருக்காது. மூன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒன்று, மீட்டரே. டேக்கோமீட்டரின் முதுகில் சின்னத் திருகு சுவிட்ச் ஒன்று இருக்கும், இஞ்சினின் ஆல்டர்னேட்டரில் எத்தனை காந்த முனை (‘போல்’) என்பதற்கு ஏற்ப அதை வைக்க வேண்டும். பழைய படகுகளில் முந்தைய இஞ்சினுக்கு வைத்ததை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். அப்படி இருந்தால் மீட்டர் பேசுவது எல்லாமே பொய். சோதிப்பது சுலபம். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நியூட்ரலில் விடுங்கள். 700-லிருந்து 850-க்குள் காட்டினால் மீட்டரை ஓரளவு நம்பலாம். 1400 அல்லது 400 காட்டினால் சுவிட்ச் தப்பு. மீட்டரே இல்லாத படகுக்காரர்கள் பிளக் வயரில் சுற்றி வைக்கும் சின்ன டிஜிட்டல் மீட்டரை வாங்கிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை.

இரண்டு, லீவரைக் கடைசி வரை தள்ளினால் இஞ்சினிலும் கடைசி வரை திறக்கிறதா என்பது. கேபிள் இழுபட்டு நீண்டிருந்தால் முக்கால் பாகத்தோடு நின்றுவிடும். இஞ்சினை அணைத்து, மூடியைக் கழற்றி, ஒருவர் லீவரைத் தள்ளட்டும், இன்னொருவர் உள்ளே திராட்டல் கை அதன் முட்டில் போய் இடிக்கிறதா என்று பார்க்கட்டும். ஐந்து நிமிட வேலை. எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு நானே இதைப் பார்க்காமல், ‘பிட்ச் குறைத்துப் போடுங்கள்’ என்று சொல்லி ஒரு புரொப்பெல்லர் வாங்க வைத்துவிட்டேன். அப்புறம் கேபிளைச் சரிசெய்ததும் இஞ்சின் 6000-ஐத் தாண்டி லிமிட்டரில் போய் இடித்தது. இன்றைக்கும் பசியாறும் கடையில் என்னைப் பார்த்தால் அந்தக் கதையை எடுத்துவிடுவார்.

மூன்று, குழாய்க்குள் தண்ணீர். பழைய பொன்டூன் என்றீர்கள், ஆகவே இதைக் கட்டாயம் பாருங்கள். அலுமினியக் குழாயின் பற்றவைப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும், ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 150 லிட்டர் சேர்ந்துவிட்டால், டிக்கெட் வாங்காமல் இரண்டு பெரிய ஆட்கள் ஏறி உட்கார்ந்த மாதிரி. டிரெய்லரில் ஏற்றியதும் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, பின்னால் வடிகால் மூடி இருந்தால் திறந்து பாருங்கள். மூடி இல்லாத குழாயானால் கையால் தட்டிக்கொண்டே போங்கள், தண்ணீர் இருக்கிற இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும்.

புரொப்பெல்லரின் உள்ளே இருக்கும் ரப்பர் ஹப் வழுக்கியிருக்கலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் விஷயத்தில் அது இல்லை. ஹப் வழுக்கினால் இஞ்சின் கூச்சலிட்டு ஆர்பிஎம் மேலே ஏறும், படகு மட்டும் நகராது. புரொப்பெல்லர் தண்ணீரோடு காற்றை இழுத்தாலும் அப்படித்தான். உங்களுக்கு நடப்பது நேர்மாறு, இஞ்சின் அமுங்கிக் கிடக்கிறது.

சரி, மூன்றும் ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கு. ஒரே வகைப் புரொப்பெல்லரில் பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் முழு லீவரில் ஏறத்தாழ 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும், கூட்டினால் அவ்வளவு குறையும். 200 என்றே எடுத்துக்கொண்டால், 14-லிருந்து 11-க்கு மூன்று அங்குலம் இறங்கும்போது 600 ஏறும். பத்துப் பேரோடு 4400 இருந்தது 5000, இரண்டு பேரோடு 4900 இருந்தது 5500. இன்னும் ஓர் அங்குலம் இறங்கி 10-க்குப் போனால் பத்துப் பேரோடு 5200, இரண்டு பேரோடு 5700. இரண்டுமே 5000-க்கும் 6000-க்கும் நடுவில் நிற்கின்றன. 11-இல் பாரம் ஏறும்போது கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். ஆளுக்கு ஒரு பையும், கூடவே ஒரு மச்சானும் ஏறினால் மறுபடியும் வெளியே. 10-இல் இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் இருக்கிறது.

இதில் எதற்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் விஷயமே. படகுக்காரர்களில் பாதிப் பேர் தனியாக ஓட்டிப் பார்த்து, அன்று கிடைத்த வேகத்தை வைத்துப் புரொப்பெல்லர் வாங்குகிறார்கள். அப்புறம் வருடம் முழுக்கக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திணறுகிறார்கள். வழக்கமாக ஏற்றுகிற பாரத்தில் எல்லைக்குள் நன்றாக நிற்க வேண்டும், ஆள் குறைந்த நாளில் மேல் எல்லையைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைக்கும் நடுவில் விழுவதுதான் உங்கள் பிட்ச். பொன்டூனில் இந்த இடைவெளி மற்ற படகுகளைவிடப் பெரியது. பத்துப் பேர் என்றால் சராசரி 70 கிலோ வைத்தாலும் 700 கிலோ. இரண்டு பேரோடு ஒப்பிட்டால் அரை டன்னுக்கு மேல் வித்தியாசம். இஞ்சினின் கண்ணுக்கு அது இரண்டு வேறு படகு.

தெமெங்கோர் என்பதால் இன்னொரு சின்னக் கணக்கும் உண்டு. அந்த ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் காற்று லேசாகும், நூறு மீட்டருக்கு ஒரு சதவீதம் அளவில் இஞ்சின் சக்தி குறையும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் போகும். பெரிய இழப்பில்லை, ஆனால் 11-க்கும் 10-க்கும் நடுவில் தயங்கும்போது 10 பக்கம் ஒரு விரல் தள்ளுகிற காரணம்.

பிட்சைக் குறைக்கும்போது விட்டம் கொஞ்சம் கூடுவதைக் கவனிப்பீர்கள். உங்கள் வகையிலேயே 14 பிட்சுக்கு 11¼ என்றால், 11 பிட்சுக்கு 11⅝. அச்சுப் பிழை இல்லை அது. மெதுவாகப் பெரிய பாரத்தைத் தள்ளுகிற வேலைக்கு அகலமான புரொப்பெல்லர்தான் ஏற்றது. பரிசலை மூங்கில் கம்பால் தள்ளிப் பாருங்கள், அகலத் துடுப்பால் தள்ளிப் பாருங்கள். கொஞ்சத் தண்ணீரை வேகமாக அடிப்பதைவிட நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளினால் வீணாவது குறைவு. துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் டக் படகுகளின் புரொப்பெல்லர் அவ்வளவு பெரிதாக இருப்பது இதனால்தான்.

அப்படியானால் 14 அங்குல விட்டத்தில் ஒன்றை மாட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். உங்கள் கியர் பெட்டியில் முடியாது. இறக்கை மேலே இருக்கிற தட்டில் இடிக்கும், தண்டின் பல்லும் பொருந்தாது. அதற்கென்றே யமஹா ‘ஹை திரஸ்ட்’ என்று டி60 வகையை விற்கிறது, மெர்க்குரி தன்னுடையதை ‘கமாண்ட் திரஸ்ட்’ என்கிறது. இஞ்சின் தலை கிட்டத்தட்ட அதே 60-தான், கீழே கியர் பெட்டி மட்டும் பெரிது. உங்கள் எஃப்60-இல் இஞ்சின் 1.85 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று. டி60-இல் 2.33 சுற்றுக்கு ஒன்று. ஆக 5500-இல் உங்களுடையது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2970 முறை சுற்றும்போது, அது 2360 முறைதான் சுற்றும், ஆனால் 14 அங்குல அகலப் புரொப்பெல்லரை வைத்துக்கொண்டு சுற்றும். பொன்டூனுக்கு உண்மையில் பிறந்த 60 அதுதான். மாமா சொன்ன மாதிரி இஞ்சின் மாற்றுகிற நாள் ஒன்று வந்தால், 90-க்குத் தாவுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். படகில் அடித்திருக்கும் தகட்டில் அதிகபட்சக் குதிரைச்சக்தி எவ்வளவு என்பதையும் பாருங்கள், அதற்கு மேல் போகக் கூடாது.

நான்கு இறக்கை விஷயம். கடைக்காரர் இதில் முழுத் தப்பில்லை. பொன்டூனுக்கு நான்கு இறக்கை நல்ல ஜோடிதான். இறக்கைப் பரப்பு கூடுவதால் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும், ஜெட்டியில் ஒதுங்கும்போது ரிவர்ஸ் கொடுத்தால் சட்டென்று கேட்கும், அதிர்வு குறையும், திருப்பத்தில் காற்றை இழுப்பதும் குறையும். பொன்டூனில் இந்தக் கடைசித் தொல்லை அதிகம். இரண்டு குழாய்க்கும் நடுவில் நுரைத்துக்கொண்டு வருகிற தண்ணீரில்தான் புரொப்பெல்லர் வேலை செய்கிறது. ஒடித்துத் திருப்பினால் நுரையும் காற்றும் இறக்கைக்குள் புகுந்து, இஞ்சின் ஒரு கணம் ‘வீ...ங்’ என்று கத்திவிட்டு அடங்கும். கேட்டிருப்பீர்கள்.

ஆனால் நான்காவது இறக்கை சும்மா வருவதில்லை. அதே பிட்சில் மூன்றிலிருந்து நான்குக்கு மாறினால் ஆர்பிஎம் 100 முதல் 200 வரை இறங்கும், ஆகவே பிட்சை இன்னும் ஓர் அங்குலம் குறைத்துத்தான் வாங்க வேண்டும். உங்களுக்குப் பொருந்துகிற அளவில் அவ்வளவு குறைந்த பிட்ச் கிடைப்பதும் சிரமம். முதலில் மூன்று இறக்கையில் ஆர்பிஎம்மைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் திருப்பத்தில் கத்தினால், இஞ்சினின் உயரத்தைப் பாருங்கள். படகு ஓடும்போது புரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற தட்டு தண்ணீர்மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும், மேலே வெளியே தெரியக் கூடாது. அது அதிகம் வெளியே தெரிந்தால் இஞ்சினை ஒரு போல்ட் துளை இறக்கிப் போடுங்கள். இரண்டும் செய்து அப்புறமும் கத்தினால்தான் நான்கு இறக்கைக்குக் காசு.

ஸ்டெயின்லெஸ் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. அலுமினியத்தைவிட மூன்று நான்கு மடங்கு விலை என்பது உண்மைதான். அதற்கு என்ன கிடைக்கிறது? இரும்புபோல் வளையாத, மெல்லிய இறக்கை. வேகத்தில் அலுமினிய இறக்கை கொஞ்சம் வளைந்துகொடுக்கும், ஸ்டெயின்லெஸ் கொடுக்காது. 70, 80 கி.மீ. போகிற படகுக்கு அந்த வித்தியாசம் தெரியும். 30 கி.மீ. போகிற உங்களுக்கு என்ன தெரியப் போகிறது? கடலோரத்து மணலில் தினமும் உரசுகிறவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் லாபம், அலுமினியம் அங்கே சீக்கிரம் தேய்ந்துவிடும்.

தெமெங்கோர் மணல் ஏரியில்லை, மரத்து ஏரி. அணை கட்டிக் காட்டை மூழ்கடித்த ஏரி அது. நீர் இறங்கிய மாதத்தில் மொட்டை மரங்கள் எலும்புபோல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நிற்பதைவிட, தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நிற்கிறதே அதுதான் ஆபத்து. ஒரு முறை சாயங்காலம், திரும்பும் அவசரத்தில், நான் அப்படி ஒன்றில் இடித்தேன். அலுமினியம்தான் போட்டிருந்தேன். ஓர் இறக்கை பூரி ஓரம்போல் மடிந்துவிட்டது, படகு நடுங்கிக்கொண்டே ஜெட்டிக்கு வந்து சேர்ந்தது. புரொப்பெல்லர் போனது, கியர் பிழைத்தது. இன்னொரு நண்பர் ஸ்டெயின்லெஸ்ஸோடு அதே மாதிரி இடித்தார். இறக்கைக்குச் சின்னக் கீறல்கூட இல்லை என்று பெருமையாகக் காட்டினார். இரண்டு வாரம் கழித்துக் கியர் எண்ணெயை வடித்தால் தே தாரேபோல் பாலாக வந்தது. தண்டு வளைந்து, சீல் போய், தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. ரப்பர் ஹப் அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், முழுக்க வாங்காது. ஆகையால் மரத்து ஏரியில் நான் அலுமினியக் கட்சி.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் முழுதாகச் சோதனை ஓட்டம் விடுங்கள். நீங்கள் சொன்ன 4400-உம் 4900-உம் எப்படி எடுத்த எண்கள் என்று எனக்குத் தெரியாது, ஆகவே மறுபடியும் எடுக்க வேண்டும். பெட்ரோல் வழக்கம்போல் நிரப்புங்கள், ஆட்களும் சாமான்களும் வழக்கம்போல் ஏறட்டும், எல்லோரும் முன்னால் போய்க் குவியாமல் பரவி உட்காரட்டும், பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். காலையில் காற்று எழும்புவதற்கு முன் தண்ணீர் தட்டையாக இருக்கும், அப்போதே முடித்துவிடுங்கள். லீவரை முழுக்கத் தள்ளி, ட்ரிம்மை, அதாவது இஞ்சினின் சாய்வை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வேகம் ஏறி நிற்கிற இடத்தில் ஆர்பிஎம்மையும் போன் காட்டும் வேகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி எதிர்த்திசையில் இன்னொரு முறை. இரண்டின் சராசரிதான் உங்கள் எண். அப்புறம் ஆட்களை இறக்கிவிட்டு இரண்டு பேரோடு அதையே செய்யுங்கள்.

எண் கிடைத்துவிட்டால் வழுக்கலையும் கணக்குப் பார்க்கலாம். தண்ணீர் மரம் இல்லை என்பதால், புரொப்பெல்லர் சொல்கிற தூரத்துக்கும் படகு போகிற தூரத்துக்கும் வித்தியாசம் இருக்கும், அதுதான் வழுக்கல். ஆர்பிஎம்மைப் பிட்சால் பெருக்கி, 0.001524-ஆல் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்தால், வழுக்காமல் போயிருந்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வரும். உங்கள் 4400-க்கு, 14 பிட்சுக்கு, 1.85-க்கு விடை 50.7. போனது 27. கிட்டத்தட்டப் பாதி வழுக்கலிலேயே போகிறது. பொன்டூனில் 20 சதவீதத்துக்கு மேல் இருப்பது சாதாரணம், பாரம் ஏறினால் 30-ஐத் தாண்டும், ஆனால் 47 என்பது சும்மா தண்ணீரைக் கடைந்துகொண்டிருப்பது. 11 பிட்சில் 5000 கிடைத்து, மணிக்கு 30 கி.மீ. போனால் வழுக்கல் 34-க்கு இறங்கிவிடும். பிட்சைக் குறைத்து வேகம் கூடுவது எப்படி என்று உங்கள் நண்பர்கள் சண்டைக்கு வந்தால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மாட்டுகிற வேலை உங்களாலேயே முடியும். சாவியை எடுத்து, இஞ்சினை உடனே அணைக்கிற கில் சுவிட்சின் கிளிப்பையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், இதில் விளையாட்டு வேண்டாம். இறக்கைக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தால் சுழலாது. பிளவு ஊசியை நேராக்கி உருவி, நட்டைக் கழற்றி, வாஷர்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து வந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தடித்த வாஷரைத் தலைகீழாகப் போட்டுக் கியர் பெட்டியைக் கெடுத்தவர்கள் உண்டு. தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மீன்பிடிக்கிற படகில் அநேகமாக இருக்கும், மெல்ல மெல்ல சீலை அறுத்துவிடும். தண்ணீரில் கரையாத கிரீஸை நன்றாகப் பூசுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை சுத்தியல் வேண்டியிருக்கும். நட்டைக் கையேட்டில் சொன்ன அளவு இறுக்கி, புது பிளவு ஊசி போடுங்கள். பழைய ஊசியை மறுபடியும் வளைக்காதீர்கள், சில காசுக்கு வாங்கலாம்.

கழற்றிய 14-ஐ விற்றுவிட வேண்டாம். அதையும், ஒரு நட்டையும், வாஷரையும், இரண்டு ஊசியையும், பொருந்துகிற ஸ்பேனரையும் ஒரு பையில் போட்டு இருக்கைக்குக் கீழே வைத்துவிடுங்கள். அந்த ஏரியில் பல இடத்தில் போன் எடுக்காது. உடைந்தால் திணறிக்கொண்டாவது 14-இல் கரைக்கு வந்துவிடலாம்.

இன்னொன்று. என் பட்டறையில் ஜி வகை 11 பிட்ச் அலுமினியம் ஒன்று பழசு கிடக்கிறது. ஓர் இறக்கையில் சின்னப் பல் விழுந்திருக்கிறது, சோதிக்க அது போதும். காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் அதை எடுத்துப் போய் மாட்டி ஓட்டிப் பாருங்கள். பத்துப் பேரோடு 5100-க்கு மேல் காட்டினால் புதிதாக 11 வாங்குங்கள், அதற்குக் கீழே நின்றால் 10. ஞாயிறு காலை எட்டு மணிக்குள் வந்தால் வீட்டில் இருப்பேன். திருப்பிக் கொண்டுவரும்போது அந்த எண்களை எழுதிய தாளையும் கொண்டுவாருங்கள், எனக்கும் பார்க்க வேண்டும்.